அடிபடுவது ஒன்று, கடிப்பது மற்றொன்று

இலங்கையில் ஓராண்டில் எத்தனை பேரைப் பாம்பு கடிக்கிறது என்பதை வைத்தியசாலைப் பதிவேடுகளில் மட்டும் தேடாமல், வீடு வீடாகப் போய்க் கேட்டுக் கணக்கெடுத்த தேசிய ஆய்வு ஒன்று 2012, 2013 ஆண்டுகளில் நடந்தது. 44,000க்கும் மேற்பட்ட வீடுகளில், 165,000க்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய விவரம் திரட்டப்பட்டது. 2016இல் வெளியான அதன் முடிவுப்படி, ஓராண்டில் 80,000 பேருக்கு மேல் கடிபடுகிறார்கள். அவர்களில் ஏறத்தாழ 30,000 பேருக்கு விஷம் ஏறுகிறது. 400 பேருக்கு மேல் இறக்கிறார்கள். இறந்தவர் தொகை பத்திரிகைத் தலைப்பாகும். கண்டியிலும் அதைச் சுற்றியுள்ள சரிவுகளிலும் குடியிருப்பவர் நின்று யோசிக்க வேண்டியது வேறொன்று. இந்தக் கடிகள் எந்தப் பாம்பால், எந்த இடத்தில், எந்த வேளையில் நேர்கின்றன? விடை தேடிப் போனால் சங்கடமான ஓர் உண்மை தென்படுகிறது. இந்த மலைப்பகுதியில் நாம் அடித்துக் கொல்லும் பாம்பும் நம்மைக் கடிக்கும் பாம்பும் பெரும்பாலும் ஒன்றல்ல. ஆகவே எத்தனை பாம்பை அடித்துப் புதைத்தாலும் கடி குறையப் போவதில்லை. பாம்பைத் தேடுவதற்கு முன், கால் வைக்கும் தரையையும் கை நுழைக்கும் இடுக்கையும் கவனித்தாக வேண்டும்.

இலங்கையில் கடற்பாம்புகளையும் சேர்த்தால் நூற்றுக்கும் மேற்பட்ட பாம்பினங்கள் உண்டு. தரையில் வாழ்பவற்றில் உயிருக்கு உலை வைக்கக்கூடியவை என்று பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லிவந்தவை ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கிவிடும்: நாகம், கட்டு விரியன், இலங்கைக்கே உரிய இன்னொரு கட்டு விரியன் இனம், கண்ணாடி விரியன், வரண்ட கரையோரங்களில் வாழும் சுருட்டை விரியன். அந்தப் பட்டியலின் ஓரத்தில், அவ்வளவாகப் பொருட்படுத்தப்படாமல் கிடந்தது ஒரு சிறிய குழி விரியன். கோப்பி விரியன் என்ற பெயர் அதற்கு உண்டு, சிங்களத்தில் குணகட்டுவா. இரண்டு சாண் நீளம் வளர்ந்தால் அது பெரிய பாம்பு. முக்கோணத் தலை, மேல்நோக்கித் துருத்திய மூக்கு நுனி, கண்ணுக்கும் நாசிக்கும் நடுவே வெப்பத்தை உணரும் ஒரு குழி. உடம்பின் பழுப்பும் கருமையும் பலா இலை காய்ந்து மக்கத் தொடங்கும்போது எடுக்கும் நிறம். சுருண்டு படுத்து, தலையை மட்டும் 45 பாகை அளவுக்குச் சாய்வாக உயர்த்தி, மணிக்கணக்கில் அசையாமல் இருக்கும். குட்டிகளின் வால் நுனி வெளிறியிருக்கும். அதைப் புழுவைப்போல நெளித்துக் காட்டி, ஏமாந்து நெருங்கும் அரணையையும் தவளையையும் பிடித்துவிடும். ஆள் வரும் சத்தம் கேட்டால் சாரை ஓடிவிடும், நாகம் படமெடுக்கும், கண்ணாடி விரியன் சீறும். இதுவோ தன் நிறத்தை நம்பி அப்படியே கிடக்கும். மிதித்த பிறகுதான் மிதித்தது தெரியும். இலங்கையில் பதிவாகும் பாம்புக்கடிகளில் இந்தக் கூட்டத்தின் பங்கு இடத்துக்கு இடம் 22 முதல் 77 வீதம் வரை என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஈரவலயமும் மலையடிவாரமும் அந்த உயர்ந்த பக்கத்தைச் சேர்ந்தவை. கூட்டம் என்று சொல்லக் காரணம் உண்டு. 2009இல் பேராதனையுடன் தொடர்புடைய கலன மதுவகேயும் சக ஆய்வாளர்களும் செய்த வகைப்பாட்டு மீளாய்வுப்படி இது மூன்று இனம். அதில் இரண்டு இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லை.

இந்தப் பாம்புக்குக் கண்டியில் அமைந்திருக்கும் வாழிடத்தைப் பார்த்தால், அதற்கென்றே யாரோ திட்டம் போட்டுக் கொடுத்தது போல இருக்கும். வேளாண் காடு வளர்ப்பைப் பற்றி எழுதுபவர்கள் உலக உதாரணமாகக் காட்டும் கண்டி வீட்டுத்தோட்டம் அடுக்கடுக்கானது. மேலே பலா, ஈரப்பலா, கமுகு. நடுவே கராம்பு, சாதிக்காய். மரத்தைப் பற்றி ஏறும் மிளகுக் கொடி. கீழே கோப்பி, வாழை, இஞ்சி. அடியில் ஆண்டு முழுவதும் உலராத சருகுப் படுகை. அந்தச் சருகில் பூச்சி, பூச்சியைத் தின்னும் தவளையும் அரணையும், அவற்றைத் தின்னும் கோப்பி விரியன். வீடு இந்தத் தோட்டத்தின் நடுவில் நிற்கிறது. குசினிக் கழிவுநீர் விழும் இடம் தவளைக்குப் பிடித்த இடம். விறகடுக்கு, தேங்காய் மட்டைக் குவியல், மிஞ்சிய ஓடு அடுக்கி வைத்த மூலை ஆகியவை அரணையின் குடியிருப்பு. வாசலில் இரவெல்லாம் எரியும் மின்குமிழைச் சற்று நேரம் கவனித்தால் போதும். ஈசலும் வண்டும் வெளிச்சத்துக்கு வருகின்றன, சுவரில் பல்லி கூடுகிறது, கீழே விழும் பூச்சிக்காகத் தேரை வந்து குந்துகிறது. தேரைக்குப் பின்னால் எது வரும் என்று சொல்லத் தேவையில்லை. கோழிக்கூட்டிலும் மாட்டுக்கொட்டிலிலும் சங்கிலி கொஞ்சம் மாறும்: சிந்திய தீனி, வைக்கோல், எலி, பிறகு எலியைத் தேடி நாகமும் சாரையும். பாம்பு வீட்டுக்கு வந்துவிட்டது என்று பேசுகிறோம். உண்மையில் அதன் சாப்பாட்டை வீட்டோரம் சேர்த்து வைத்தது நாம்தான்.

இனி, அடிபடுவது எது என்று பார்ப்போம். பகலில் உலாவி, நீளமாகவும் வேகமாகவும் இருந்து, வெளியான இடத்தில் கண்ணில் படும் பாம்புதான் தடிக்கு இரையாகிறது. கண்டிச் சூழலில் அந்த வர்ணனைக்கு மிகப் பொருந்துவது சாரை. இரண்டு மீட்டர் வளரக்கூடிய இது விஷமற்றது. எலி வேட்டையில் நம் வீட்டுப் பூனைகள் பலவற்றைவிட ஊக்கமானது. எலி குறைவதன் மதிப்பு என்னவென்று 2008 காட்டியது. அந்த ஒரே ஆண்டில் எலிக்காய்ச்சல் சந்தேகத்தில் இலங்கையில் 7,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள்; 200 பேர் அளவில் இறந்தார்கள். அடுத்ததாக அடிபடுவது, பல்லியைத் தேடிச் சுவரேறி வீட்டுக்குள் வரும் ஓநாய்ப் பாம்பு, தமிழகத்தில் வெள்ளிக்கோல் வரையன் என்று அழைக்கப்படுவது. கட்டு விரியன் என்று நினைத்தே இதைக் கொல்கிறார்கள். வேறுபாடு அருகில் பார்த்தால் தெளிவு. ஓநாய்ப் பாம்பின் வெள்ளைப் பட்டைகள் கழுத்திலேயே தொடங்கி வாலை நோக்கி மங்கும். கட்டு விரியனின் பட்டைகள் கழுத்தைத் தாண்டித் தொடங்கி வாலை நோக்கித் தெளிவாகும்; அதன் முதுகு நடுவே ஓடும் ஒரு வரிசைச் செதில் மற்றவற்றைவிடப் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். செத்த பாம்பைத் திருப்பிப் பார்த்து இதை எவரும் சரிபார்க்கலாம். உயிருள்ளதிடம் அவ்வளவு நெருங்க வேண்டாம். ஆக, கண்ணுக்குத் தெரிவதை அடிப்பது என்பது கண்ணுக்குத் தெரியாததைக் கழித்துவிட்டுச் செய்யும் தேர்வு. கோப்பி விரியன் கழிக்கப்பட்ட பக்கத்தில், சருகுக்குள் பத்திரமாக இருக்கிறது. இதோடு இன்னொன்றும் உண்டு. ஒதுங்கிப் போகவிருந்த பாம்பை மடக்கி அடிக்கப் போய்க் கடிபடுபவர்கள் எல்லா நாட்டுப் பதிவேடுகளிலும் இருக்கிறார்கள்.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். கோப்பி விரியனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் நாகமும் கட்டு விரியனும் கண்ணாடி விரியனும் எங்கே போயின? குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் நாகம் கிடந்தால் சூழலியல் பாடம் நடத்திக்கொண்டிருப்பதா? இல்லை. குசினிக்குள் அல்லது கோழிக்கூட்டுக்குள் நுழைந்த நாகத்தை அகற்றத்தான் வேண்டும். பிள்ளைகளையும் நாயையும் அப்பால் கொண்டுபோய், பாம்பின் மேல் பார்வையை வைத்தபடி தூரத்தில் நின்று, பழகிய பிடிப்பாளரை அழைப்பதே வழி. கண்ணாடி விரியனின் ஆபத்தும் பொய்யல்ல. கண்டி மாவட்டத்தின் கிழக்கே நிலம் தாழ்ந்து வரண்டு மினிப்பே, ஹசலக்க வயல்வெளிகளாக விரியும் பக்கத்தில் அதை நினைத்துத்தான் வரப்பில் கால் வைக்க வேண்டும். ஆனால் இந்தப் பெரிய பாம்புகளின் கடியைத் தடுப்பதும் கடைசியில் அதே தரைக் கணக்கில்தான் வந்து முடிகிறது. கட்டு விரியனை எடுத்துக்கொள்ளுங்கள். அது பகலில் மந்தமானது, இரவில் நடமாடுவது. அது கடிப்பவர்களில் பெரும்பாலோர் தரையில் பாய் விரித்துத் தூங்கியவர்கள். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ இருக்காது. வயிற்றுவலி, கண்ணிமை சரிதல், பிறகு மூச்சுத் தசைகள் ஓய்தல் என்று போகும். அதன் நஞ்சு நரம்பு முனையையே சேதப்படுத்திவிடுவதால், முறிவு மருந்து கொடுத்தாலும் செயற்கைச் சுவாசத்தில் நாள் கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். அப்பேர்ப்பட்ட பாம்புக்கு எதிராக நேபாளத்தின் தென்கிழக்கில் பலன் தந்தது எது என்று பார்த்தால், 2007இல் வெளியான ஆய்வு சுட்டியது கொசுவலையை. வலைக்குள் தூங்கியவர்களுக்குக் கடி வெகுவாகக் குறைந்திருந்தது. கட்டில், விளிம்பு மெத்தைக்கடியில் செருகிய வலை, கதவடி இடுக்கில் ஒரு சுருட்டிய சாக்கு. கட்டு விரியன் ஊரில் எத்தனை இருந்தாலும் படுக்கைக்கு வராது.

பிடித்துக் கொண்டுபோய்க் காட்டில் விடுவது கொல்வதைவிடப் புண்ணியமானது என்ற எண்ணம் கண்டியில் பரவலானது. நாகத்தை அடிக்கக் கூடாது என்ற நம்பிக்கை பௌத்தரிடமும் சைவரிடமும் ஒருசேர இருப்பதால், பிடிபட்ட நாகம் சாக்குக்குள் போய் எங்கோ ஒரு காட்டு விளிம்பில் திறந்துவிடப்படுகிறது. உயிர்மேல் இரக்கம் இருப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தொலைவில் விடப்பட்ட பாம்புக்கு என்ன நேர்கிறது என்பதை வானொலிக் கருவி பொருத்திப் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்கக் காடுகளில் கிலுகிலுப்பை விரியன்களை வைத்துச் செய்த, 1999இல் வெளியான ஆய்வில் இடம் மாற்றப்பட்டவற்றில் பாதிக்கு மேல் மாண்டன. சொந்த இடத்தில் இருந்தவற்றில் மாண்டவை சிலவே. கர்நாடகத்தின் ஆகும்பேயில் இடம் மாற்றிய ராஜநாகம் ஒன்று நிலைகொள்ளாமல் நெடுந்தூரம் அலைந்தது. தன் பொந்தையும் இரை கிடைக்கும் இடத்தையும் அறியாத பாம்பு கூடுதலாக அலையும். கூடுதலாக அலைந்தால் மனிதரைக் கூடுதலாகச் சந்திக்கும். உடவத்தகெலே காடு நகரத்துக்கு நடுவில், நாற்புறமும் வீடு சூழ்ந்து கிடக்கிறது. ஹந்தானைச் சரிவிலும் ஊர்களும் தோட்டங்களும் உண்டு. காடு என்று நாம் நினைத்து விடும் இடம் இன்னொருவர் கொல்லைப்புறம். பிடித்த வளவுக்குப் பக்கத்திலேயே, ஆள் நடமாட்டமில்லாத புதரில் விடுவது இரு தரப்புக்கும் மேல். சாப்பாடும் பதுங்குமிடமும் அப்படியே இருக்கும் முற்றத்தில் ஒன்று போனால் இன்னொன்று வரும் என்பதும் இங்கே நினைவிருக்கட்டும். விரட்டும் மருந்துகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பூச்சி உருண்டை, கந்தகம், மிளகாய்த் தூள், சுண்ணாம்பு, சணல் வகைக் கயிறு என்று மக்கள் நம்பும் பொருட்களை எல்லாம் 1985இல் அமெரிக்காவில் பாம்புகளை வைத்தே சோதித்தார்கள். எதுவும் பாம்பைத் தடுக்கவில்லை. மண்ணெண்ணெய் தெளிப்பவர்கள் கிணற்றுக்கும் மண்ணுக்கும் கெடுதி செய்கிறார்கள். அவ்வளவுதான்.

அப்படியானால் என்ன செய்வது? சருகை எல்லாம் கூட்டி எரித்து முற்றத்தைச் சிமெந்துத் தரையாக்கு என்று சிலர் சொல்வார்கள். அதற்கு எதிராகத் தோட்டக்காரர் சொல்லும் வாதம் வலுவானது. சரிவில் மண்ணைப் பிடித்து வைப்பது சருகுதான். அதை வழித்தெடுத்தால் அடுத்த பருவமழைக்கு மேல்மண் மகாவலிக்குப் போய்விடும். மிளகு வேருக்கும் கோப்பிக்கும் ஈரமும் உரமும் அதுவே. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தோட்டம் முழுவதையும் துடைக்க வேண்டிய தேவை எங்கும் இல்லை. கோப்பி விரியன் தன் உடல் நீளத்தில் பாதித் தூரத்துக்கு மேல் எட்டிக் கொத்தாது. இரண்டு சாண் பாம்புக்கு அது ஒரு சாண். ஆகவே கால் போகும் இடம் மட்டும் துப்புரவாக இருந்தால் போதும்: வாசலிலிருந்து கிணற்றுக்கு, கழிவறைக்கு, கொட்டிலுக்குப் போகும் பாதையும், அதன் இரு பக்கத்திலும் ஒரு மீட்டரும், வீட்டுச் சுவரைச் சுற்றி அதே அளவும். அந்தச் சருகை நீளக் கைப்பிடியுள்ள விளக்குமாற்றால் தள்ளி மரத்தடிக்கே அனுப்பிவிடலாம், மண்ணுக்கு நட்டமில்லை. விறகைத் தரையில் போடாமல் முழங்கால் உயரத் தட்டில் அடுக்கினால் அடியில் வெளிச்சம் புகும். அரணையும் வராது, அதைத் தேடுவதும் வராது. வெளி மின்குமிழைத் தேவைப்படும்போது மட்டும் போட்டால் தேரைக் கூட்டம் கலைந்துவிடும். பொழுது சாய்ந்தபின் முற்றத்தில் இறங்குபவர் கையில் டோர்ச் இருக்க வேண்டும், அதன் வெளிச்சம் பாதத்துக்கு இரண்டடி முன்னால் விழ வேண்டும். சருகுக் குவியலிலும் கமுகம் பாளைக்கடியிலும் சாதிக்காய் பொறுக்கும்போதும் முதலில் போக வேண்டியது கைத்தடி, பிறகுதான் கை.

இந்த அறிவுரையை லயத்தில் இருப்பவரிடம் சொல்லும்போது ஒரு கூச்சம் வர வேண்டும். கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களில் வரிசையாகக் கட்டிய பழைய அறைகளில் வாழும் குடும்பத்துக்கு விறகு வைக்க வேறு இடம் கிடையாது. இஸ்தோப்புக்கும் கானுக்கும் நடுவில் கிடைக்கும் ஒரு முழ அகலந்தான் விறகடுக்கு, கோழிக்கூடு, துணி துவைக்கும் இடம் எல்லாம். கட்டிலுக்கு அறையில் இடம் போதாமல் பாதிப் பேர் தரையில்தான் படுக்கிறார்கள். வேலை நேரத்திலும் அவர்கள் கையும் காலும்தான் முன்னே போகின்றன. தேயிலைச் செடியின் மேற்பரப்பில் பச்சை நிறக் குழி விரியன் சுருண்டிருக்கலாம். இலங்கைக்கே உரிய இந்தப் பாம்பு கடித்தால் கை வீங்கி வலிக்கும், இறப்பு மிக அரிது. செடியின் தூரில், கவ்வாத்து வெட்டிய குச்சிகளுக்கும் மானாப்புல்லுக்கும் நடுவில் கோப்பி விரியன். பாட்டா செருப்போடு கொழுந்து பறிப்பவரின் பாதத்துக்கும் அதற்கும் நடுவில் ஒன்றுமில்லை. பாத உறை போட்டால் சரிவில் வழுக்கும், சேற்றில் கால் புதையும் என்பது தொழிலாளர் சொல்லும் குறை, அது உண்மையும்கூட. ஆனால் சிறிய பாம்புக்கு எதிராக முழங்கால் வரை ஏறும் கனத்த பூட்ஸ் வேண்டியதில்லை. கணுக்காலுக்குச் சற்று மேலே வரும், அடிப்பாகம் பிடிப்புள்ள றப்பர் சப்பாத்து போதும். விரியனின் உயரத்துக்கு ஏற்ற காப்பு அது.

தடுப்பை இவ்வளவு வலியுறுத்துவதற்கு மருத்துவக் காரணம் உண்டு. கோப்பி விரியன் கடித்தால் வீங்கும், கொப்புளிக்கும், ஆறிவிடும் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். பேராதனையில் பணியாற்றிய அன்ஸ்லெம் டி சில்வாவும் சக மருத்துவர்களும் 1994இல், இந்தக் கடியால் இரத்த உறைவு கெட்டுச் சிறுநீரகமும் செயலிழந்த ஒரு நோயாளியை முதல்முறையாகச் சான்றோடு பதிவு செய்தார்கள். 2008இல் வெளியான பெரிய ஆய்வு, இது அபூர்வமானது அல்ல என்று காட்டியது, சிலர் இறந்திருந்தார்கள். கடிபட்டு எழுந்து வீடு போனவர்களிலும் ஒரு பகுதியினருக்குச் சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்பதைக் கண்டிச் சிறுநீரக மருத்துவர்கள் 2012இல் எழுதினார்கள். இதற்கு எதிராக வார்டில் இருப்பது என்ன? இலங்கை வைத்தியசாலைகள் பயன்படுத்தும் பல்விஷ முறிவு மருந்து இந்தியாவிலிருந்து வருகிறது. நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கின் நஞ்சைக் கொண்டு செய்வது. கோப்பி விரியன் நஞ்சை அது முறிக்காது. கேரளத்தில் இதே பாம்பின் கடியைச் சுருட்டை விரியன் என்று தவறாக எண்ணி மருந்தேற்றிப் பலனில்லாமல் போன நிகழ்வுகள் 2007இல் வெளியாயின. பலனில்லாததோடு முடிவதில்லை. 1,007 நோயாளிகளைச் சேர்த்து இலங்கையில் நடத்திய, 2011இல் வெளியான ஆய்வில், முறிவு மருந்து ஏற்றியவர்களில் நான்கில் மூவருக்கு ஏதேனும் ஒவ்வாமை வந்தது. கண்ணாடி விரியன் கடித்தவர் அந்த ஆபத்தை ஏற்றே ஆக வேண்டும், மருந்து உயிரைக் காக்கும். கோப்பி விரியன் கடித்தவருக்கு அது வீண் ஆபத்து. இதனால்தான் கடித்த பாம்பின் அடையாளம் வைத்தியசாலையில் முக்கியமாகிறது. தூரத்திலிருந்து கைப்பேசியில் எடுத்த ஒரு படம் போதும். படம் கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம். வைத்தியர் ஒரு சுத்தமான கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்து, சாய்த்துப் பார்த்து, உறைந்ததா இல்லையா என்று அறிந்துகொள்வார். பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுவர முயல்பவர் இரண்டாவது நோயாளி ஆகலாம்.

இலங்கைப் பாம்புகளின் நஞ்சையே கொண்டு, கோப்பி விரியனையும் சேர்த்து ஒரு முறிவு மருந்து செய்யும் முயற்சியில் பேராதனைப் பல்கலைக்கழகமும் கொஸ்டாரிக்காவின் குளோடோமிரோ பிக்காடோ நிறுவனமும் சேர்ந்து இறங்கின. ஆய்வகச் சோதனையில் அது நன்றாக வேலை செய்தது என்ற முடிவு 2016இல் வெளியானது. நல்ல செய்திதான். ஆனால் ஆய்வகத்திலிருந்து நோயாளியின் கைநரம்புக்கு வரும் வழி நீண்டது, செலவும் பெரிது. விஷக்கடி வைத்தியரிடம் போய்ப் பிழைத்தவர்களைக் காட்டி, மருந்து இல்லாத கடிக்கு அவரே கதி என்று வாதிடுபவர்களுக்கு முதலில் சொன்ன கணக்கிலேயே விடை இருக்கிறது. 80,000 கடியில் விஷம் ஏறியது 30,000இல்தான். நூறு பேரில் 60 பேருக்கு மேல், பச்சிலை கட்டினாலும் கட்டாவிட்டாலும், மந்திரித்தாலும் மந்திரிக்காவிட்டாலும் எழுந்து நடப்பார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் வைத்தியரின் கைராசிக்குச் சாட்சி சொல்வார்கள். மீதிப் பேரில் சிறுநீர் குறையத் தொடங்கிய ஒருவர், கடித்த மூன்றாம் நாள் வைத்தியசாலைக்கு வந்து சேரும்போது, இழந்த நேரத்தை எவராலும் திருப்பித் தர முடியாது. முறிவு மருந்து இல்லாத கடிக்கும் வைத்தியசாலையில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது: இரத்த உறைவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது, சிறுநீரின் அளவைக் கவனிப்பது, தேவைப்பட்டால் இரத்தச் சுத்திகரிப்பு.

கடிபட்டால் கயிறு கட்ட வேண்டாம், கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம். மோதிரத்தையும் காப்பையும் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு புறப்படுங்கள். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் இதற்குக் கட்டணம் இல்லை. மற்றொரு வேண்டுகோள் தோட்ட நிர்வாகங்களுக்கு. மருந்து தெளிப்பவருக்குக் கையுறையும் முகமூடியும் கொடுக்க வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டவர்கள், கொழுந்து பறிப்பவருக்கும் புல் வெட்டுபவருக்கும் றப்பர் சப்பாத்தும் டோர்ச்சும் கொடுக்க வேண்டும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்தச் செலவைச் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. முறிவு மருந்து இல்லாத பாம்புகளுக்கு நடுவில் ஆட்களை அனுப்பி வேலை வாங்குபவர் கொடுக்க வேண்டிய மிகக் குறைந்த பாதுகாப்பு அதுதான்.